கண்ணாடிக் கூடத்துச் சனிக்கிழமைகள்

சனிக்கிழமை காலை வந்துவிட்டால் சித்தியின் கால்கள் இன்றைக்கும் சைக்கிள் கடைத் தெருப் பக்கம்தான் இழுக்கும். அங்கே அவளுக்கு ஒரு வேலையும் கிடையாது. ரொட்டிக் கடை, மருந்துக் கடை எல்லாம் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. இருந்தாலும் சுற்றிக்கொண்டு அந்த வழியாகத்தான் போவாள். சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் ஒரு காலத்தில் இலவச சட்ட உதவி மையம் இருந்தது. இப்போது அது வேறெங்கோ புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது. லிஃப்ட் எல்லாம் இருக்கிறதாம். பழைய மாடி ஜன்னல்களை அடைத்து ஒரு துணி வியாபாரி பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார். சித்தி எதிர் நடைபாதையில் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பாள். பிறகு நடப்பாள்.

கோர்ட்டு, கேஸு என்றாலே ஊரில் எல்லாரும் தெரு மாறிப் போவார்கள். இவளுக்கோ கேஸுக்கு அலைந்த அந்த வருஷத்தை நினைத்தால், பிடித்த சொந்தக்காரர் வீட்டில் விடுமுறைக்குப் போய்த் தங்கிவிட்டு வந்த மாதிரி இருக்கும். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

அவளைச் சித்தி என்று கூப்பிட உரிமை உள்ளவள் உலகத்தில் ஒருத்திதான். ஆனால் அந்த ஒருத்தி போட்ட கூச்சலில், குடியிருப்பு முழுக்க, வேலை செய்யும் இடம் முழுக்க, அவளுக்கு அதுவே பெயராகிவிட்டது. அந்த ஒருத்திக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. ரேடியோ. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே சித்தி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்கு வந்து, மடித்து அடுக்கிய போர்வைக் குவியலின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, வகுப்பில் நடந்தது நடக்காதது எல்லாவற்றையும் ஒலிபரப்புவாள். "இதை அணைக்கிற பொத்தான் எங்கடி இருக்கு?" என்று சலவைக்காரிகள் அவள் காதைத் திருகிப் பார்ப்பார்கள்.

ரேடியோ சித்தியின் அக்கா பெற்ற பிள்ளை. அக்கா ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது குழந்தைக்குச் சரியாகப் பேச்சுக்கூட வரவில்லை. அக்கா புருஷனுக்கு நெடுந்தூர லாரி ஓட்டுகிற பிழைப்பு. காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் குழந்தையைக் கொண்டுவந்து சித்தியின் இடுப்பில் வைத்து, "ஒரு நடை போயிட்டு வந்துடறேன், பார்த்துக்கோம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு நடை வருஷக்கணக்கில் நீண்டுவிட்டது. முதலில் போன் வந்தது. அப்புறம் எப்போதாவது வந்தது. அப்புறம் அதுவும் இல்லை. சித்தி பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள், அம்மை போட்டபோது விழித்திருந்தாள், பால் பல் விழுந்தபோது கூடவே அழுதாள். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், "எனக்குத்தான் ஏற்கெனவே பெண் குழந்தை இருக்கே" என்று சிரித்துத் தட்டிவிட்டாள். அக்காவின் போட்டோக்களை மட்டும் ஒரு துணியில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டாள். அந்தப் பேச்சை யாராவது எடுத்தால் அடுப்பில் ஏதோ கருகுகிற மாதிரி எழுந்து போய்விடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவு தட்டப்பட்டது. திறந்தால் அத்தான் நிற்கிறார். காதோரம் நரைத்திருந்தது. கையில் ஒரு அட்டைப்பெட்டி.

"என்னம்மா, நல்லா இருக்கியா?"

சித்தி கதவை அகலத் திறந்தாள். விலகி வழிவிட்டாள். அவர் நாற்காலியின் நுனியில், எந்த நேரமும் எழுந்து போகச் சொல்லிவிடுவார்கள் என்பதுபோல உட்கார்ந்தார். தொப்பியை மடித்து முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். பெட்டியை ரேடியோவிடம் நீட்டினார். உள்ளே ஒரு ஜோடி ஷூ. அவள் சித்தியைப் பார்த்தாள், பிறகு காலை நுழைத்துப் பார்த்தாள். அளவெடுத்துத் தைத்த மாதிரி கச்சிதமாக இருந்தது.

"அளவு யார் சொன்னாங்க?" என்றாள் சித்தி. முதல் வார்த்தையே அதட்டலாகத்தான் வந்தது.

"யாரும் சொல்லலை. அவ அம்மாவுக்கு வாங்குற அளவு. எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்."

அக்காவுக்குச் சின்னக் கால். பதினொரு வயதுப் பெண்ணின் கால் அதை எட்டிவிட்டது என்று, பக்கத்திலேயே இருந்து வளர்த்த சித்திக்குத் தோன்றவில்லை. அதுவே அவளுக்குச் சுருக்கென்று இருந்தது.

அப்புறம் அத்தான் வந்த விஷயத்தைச் சொன்னார். நெடுந்தூர ஓட்டத்தை விட்டாயிற்று. இதே ஊரில் நகராட்சித் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். மறுபடி கல்யாணம் செய்துகொண்டிருக்கிறார், அவள் முடி வெட்டும் கடையில் வேலை செய்கிறாள், நல்லவள். வீட்டில் ஒரு அறை காலியாக இருக்கிறது. "அதான், புள்ளையைக் கூட்டிட்டுப் போகலாம்னு..."

"புள்ளை என்ன, நீங்க கடையில மறந்து வெச்சுட்டுப் போன குடையா?"

"நான்தாம்மா அவ அப்பா."

"அப்ப நான் யாரு?"

"நீதான் வளர்த்தே. இல்லைன்னு சொன்னா என் நாக்கு அழுகிடும்." தொப்பியை விரித்து மறுபடி மடித்தார். "ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கு. நான் கேட்டுப் பார்த்துட்டுத்தான் வந்தேன்."

அவர் போன பிறகு ரேடியோ வாய் திறக்கவில்லை. மறுநாளும் இல்லை. போர்வைக் குவியலின் மேல் பேட்டரி தீர்ந்ததுபோல உட்கார்ந்திருந்தாள். சலவைக்காரிகள் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள்.

சலவைக்கூடத்தில் ஒரு பெரிய உருளை இஸ்திரி மெஷின் உண்டு. இந்தப் பக்கம் இரண்டு பேர் ஈரப் போர்வையை ஊட்டுவார்கள், அந்தப் பக்கம் இரண்டு பேர் சுடச்சுட வாங்கி மடிப்பார்கள். சித்தியோடு சேர்ந்து மடிப்பவள் நெட்டையக்கா. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, இழுத்து விறைத்து, நெருங்கி வந்து முனைகளைச் சேர்த்து, விலகி, மறுபடி நெருங்கி. அவர்கள் பேச்சும் அந்தக் கணக்கில்தான் நடக்கும். நெருங்கும்போது ஒரு வாக்கியம், விலகும்போது மௌனம்.

"சனிக்கிழமை சைக்கிள் கடை மாடிக்குப் போ" என்றாள் நெட்டையக்கா. விலகினாள். நெருங்கினாள். "நம்மளை மாதிரி ஆளுங்களுக்கு வக்கீல் வெச்சிருக்காங்க. ஒத்தைப் பைசா வாங்க மாட்டாங்க."

"ஓசி வக்கீலா? கோர்ட்டுல கொட்டாவி விடுவாங்க."

"என் தம்பியை வேலையை விட்டுத் தூக்கினப்ப அவங்கதான் திரும்பச் சேர்த்துவிட்டாங்க. கொட்டாவி விட்டது எதிர்க்கட்சி வக்கீல்." விலகினாள். நெருங்கினாள். "போறதுக்கு என்ன, குறைஞ்சா போயிடுவே?"

போனாள். படி ஏறி உள்ளே நுழைந்ததும் திகைத்து நின்றுவிட்டாள். அந்த மாடி முன்பு நாட்டியம் சொல்லிக்கொடுக்கிற இடமாக இருந்ததாம். மூன்று பக்கச் சுவரிலும் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. ஓரத்தில் பிள்ளைகள் பிடித்துக்கொண்டு ஆடுகிற மரக் கம்பி அப்படியே இருந்தது, அதில் எல்லாரும் மழைக்கோட்டையும் பையையும் மாட்டியிருந்தார்கள். மடக்கு நாற்காலிகளில் காத்திருந்தவர்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் யாராவது ஒருவர் முகத்தைப் பார்த்தாக வேண்டும், இல்லையென்றால் தன் முகத்தையே. திருட்டுத்தனமாக அழ முடியாத இடம். கையில் கட்டுப்போட்ட ஒரு கொத்தனார் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வயதான தம்பதி ஒரே மூக்குக்கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, வீட்டுக்காரன் அனுப்பிய நோட்டீஸைப் படித்துக்கொண்டிருந்தார்கள். கூடத்தின் கோடியில் துணித் தட்டிகளை நிறுத்தி வக்கீல்களுக்கு இடம் பிரித்திருந்தார்கள்.

வாசல் மேசையில் இருந்த அம்மாள் நிமிர்ந்தாள். "என்ன விஷயம்?"

"புள்ளை விஷயமுங்க."

"எதிர்த்தரப்பு யாரு?"

"எதிரியெல்லாம் யாரும் இல்லீங்க. எங்க அக்கா வீட்டுக்காரர்தான்."

"அவர்தாம்மா எதிர்த்தரப்பு. பேரைச் சொல்லுங்க."

சொன்னாள். தட்டச்சு செய்துகொண்டிருந்த விரல் நின்றது. "கொஞ்சம் உட்காருங்க" என்றவள் எழுந்து தட்டிக்குப் பின்னால் போனாள். திரும்பி வந்தபோது கூடவே ஒரு வக்கீலம்மா வந்தாள். நாற்பது வயதிருக்கும். தலைமுடியிலிருந்து தோளில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை தவறாமல் நீச்சல் குளத்திலிருந்து நேரே இங்கேதான் வருவாளாம். மையத்தில் எல்லாரும் அவளை ஈரத்தலை வக்கீலம்மா என்றுதான் சொல்வார்கள் என்பதைச் சித்தி பிறகு தெரிந்துகொண்டாள்.

"மன்னிச்சுக்கோங்கம்மா. உங்களுக்கு இங்க நாங்க உதவ முடியாது. காரணத்தையும் சொல்ல முடியாது. நீங்களும் உங்க கதையை என்கிட்ட சொல்லிடாதீங்க. சொன்னா உங்களுக்குத்தான் கெடுதல்."

"பசின்னு வந்தவகிட்ட வாயைத் திறக்காதேன்னா என்னங்க அர்த்தம்?"

சித்தி கோபத்தில் முகத்தைத் திருப்பினாள். திருப்பிய இடத்தில் கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்குள், தட்டியின் பின்பக்கம் தெரிந்தது. நாற்காலியின் நுனியில், மடித்த தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு ஒரு ஆள். அவரும் நிமிர்ந்தார். இரண்டு பேர் கண்ணும் கண்ணாடியில் சந்தித்தன. அவர் முகத்தில் வெற்றி ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுப் பிடிபட்ட பையன் மாதிரி இருந்தது.

இவரும் ஓசி வக்கீலைத் தேடித்தான் வந்திருக்கிறார். ஒரே மையம் இரண்டு தரப்புக்கும் வாதாடாது; அவர் முந்திக்கொண்டார், அவ்வளவுதான்.

சித்தி விறுவிறுவென்று படியிறங்கினாள். தெருவுக்கு வந்தபோது பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம். ஈரத்தலை வக்கீலம்மா, மூச்சிரைக்க. கையில் ஒரு துண்டுச் சீட்டு.

"ஆத்துக்கு அந்தப் பக்கம், தொழிற்சங்க ஆபீஸ்ல இன்னொரு மையம் இருக்கு. நாங்க வேற, அவங்க வேற. மத்தியானம் வரைக்கும் இருப்பாங்க. இன்னைக்கே போங்க, அடுத்த வாரம்னு தள்ளிடாதீங்க."

எதிராளியின் வக்கீலே படியிறங்கி ஓடிவந்து தனக்கு வக்கீல் பிடித்துக் கொடுத்தாள் என்பது பாலத்தில் பாதி தூரம் போன பிறகுதான் சித்திக்கு உறைத்தது.

அங்கே அவளுக்குக் கிடைத்தவன் ஒரு பொடியன் வக்கீல். கறுப்புக் கோட்டின் கைகள் விரல் வரை நீண்டிருந்தன, அண்ணனுடையதாக இருக்க வேண்டும். நிமிஷத்துக்கு ஒரு தரம் பேனாவைத் தொலைத்துவிட்டுத் தேடுவான். "விளங்கினாப்லதான்" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனால் அவள் பேசி முடிக்கும்வரை அவன் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு, "உங்களுக்குத் தைரியமா நாலு வார்த்தை சொல்லட்டுமா, உண்மையைச் சொல்லட்டுமா?" என்றான்.

"தைரியம் வேணும்னா நான் எதுக்குத் தம்பி ஆத்தைத் தாண்டி வரணும்? உண்மையைச் சொல்லு."

"பெத்த அப்பாவுக்கு உரிமை இருக்கு. அதை யாரும் ஊதித் தள்ளிட முடியாது. உங்ககிட்ட ஒரு தாளும் இல்லை. ஆனா நீதிபதி பார்க்கப்போறது யாருக்கு உரிமைன்னு மட்டும் இல்லை. புள்ளைக்கு எது நல்லதுன்னு பார்ப்பாங்க. நீங்க வளர்த்தது சும்மா போயிடாது. உங்களைப் பாதுகாவலரா போடச் சொல்லி நாம மனு போடலாம்." பேனாவைத் தேடினான். அது அவன் காதிலேயே இருந்தது. சித்தி எடுத்துக் கொடுத்தாள். "ஆனா முதல்ல ரெண்டு பக்கமும் உட்கார்ந்து பேசிப் பார்க்கச் சொல்வாங்க. நடுவர் ஒருத்தர் வருவார். இடம், அந்தக் கண்ணாடிக் கூடம்தான்."

"புலியோட குகையிலேயேவா?"

"அங்கதான் நாற்காலி நிறைய இருக்கு" என்றான் அவன்.

நடுவர் கனத்த உடம்புக்காரர், ஓய்வுபெற்ற பிறகு இந்தச் சேவைக்கு வந்தவர். வாலிபத்தில் கால்பந்து ஆட்டங்களுக்கு நடுவராக ஓடியவராம். விசில்தான் கழுத்தில் தொங்கவில்லை, மற்றபடி அதே முறைப்பு. ஒரு பக்கம் அத்தானும் ஈரத்தலை வக்கீலம்மாவும், எதிரே சித்தியும் பொடியன் வக்கீலும். ரேடியோ தள்ளி மரக் கம்பிக்குக் கீழே சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். பேச்சு ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே சித்தி பொங்கிவிட்டாள். "அக்கா உயிருக்குப் போராடினப்ப இவரு எங்க இருந்தாரு, கேளுங்க!"

நடுவர் கையை உயர்த்தினார். "அது வேற ஆட்டம்மா. இங்க புள்ளையைப் பத்தி மட்டும்."

அன்று ஒன்றும் நகரவில்லை. அடுத்த சனிக்கிழமை நடுவர் ரேடியோவைத் தனியே தட்டிக்குப் பின்னால் கூட்டிப்போனார். வெளியே இரண்டு தரப்பும் ஒன்றையொன்று பார்க்காமல் இருக்கப் படாதபாடு பட்டன, கண்ணாடிகள் விடவில்லை. கடைசியில் நடுவர் ரேடியோவோடு வந்து உட்கார்ந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சொல்லலாம்னு புள்ளை அனுமதி கொடுத்திருக்கா, அதனால சொல்றேன். யார்கூட இருக்க ஆசைன்னு நான் கேட்கலை. அவளா ஒண்ணு கேட்டா. அம்மா எப்படி இருப்பாங்கன்னு கேட்டா. சித்திகிட்ட அந்தப் பேச்சை எடுத்தா எழுந்து போயிடறாங்களாம். அப்பா வந்தா சொல்வாருன்னு நெனச்சாளாம், அவரு ஷூ மட்டும்தான் கொடுத்தாராம்."

கீழே சைக்கிள் கடையில் யாரோ மணியடித்துப் பார்க்கும் சத்தம் கேட்டது. சித்திக்கு எழுந்து போய்விடத்தான் தோன்றியது. ஆனால் எங்கே போவது? எங்கே திரும்பினாலும் ரேடியோவின் முகம்தான் தெரிந்தது.

அத்தான்தான் தொண்டையைச் செருமினார்.

"உங்கம்மா லாரி ஓட்டியிருக்கா, தெரியுமா?"

"பொய்!" என்றாள் சித்தி. அவளையும் மீறி வந்துவிட்டது.

"நிஜம்மா. ஒரு தரம் கூட வரேன்னு அடம்பிடிச்சு வந்தா. வழியெல்லாம் பாட்டு. உனக்குத் தெரியாதா, சுருதின்னா என்ன விலைன்னு கேட்பா. நடுவழியில ஆள் நடமாட்டமே இல்லாத நேர் ரோடு. எனக்குக் கொடுன்னா. கால் எட்டலை, முதுகுக்குப் பின்னால என் பெட்டியை வெச்சு உட்கார்ந்தா. எதிர்ல ஒரு மாடு வந்துச்சு. நான் பிரேக்குன்னு கத்தறேன், இவ ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, 'மாடே, எனக்கு நிறுத்தத் தெரியாது, நீ போயிடு'ன்னு கத்தறா."

"மாடு போச்சா?" என்றாள் ரேடியோ. வெகு நாளைக்குப் பிறகு சித்தி கேட்கும் அவள் குரல்.

"போச்சே! மாட்டுக்கே பயம் வந்துடுச்சு."

முதலில் சிரித்தது பொடியன் வக்கீல். பிறகு ஈரத்தலை வக்கீலம்மா. சித்தி சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை, கண்ணாடியில் பார்த்தால் இரண்டும்தான். அப்புறம் அவள் வாய் தானாகத் திறந்தது. "அது என்ன பிரமாதம்? சின்ன வயசுல பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. வாயைத் திற, பெரிசாத் திறன்னாரு. அவரு விரலைக் கடிச்சு வெச்சா. கட்டுப்போட்டுட்டு வந்த டாக்டர் என்ன பண்ணாரு தெரியுமா? எங்கப்பாவைப் பார்த்து, 'பல்லுல ஒரு குறையும் இல்லை, கூட்டிட்டுப் போங்க'ன்னுட்டாரு."

அத்தான் தொப்பியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "இதை என்கிட்ட அவ சொன்னதே இல்லையே!"

நடுவர் அன்றே விதியை மாற்றிவிட்டார். "இனிமே முதல் பாதி அம்மா. ரெண்டாம் பாதி சட்டம்."

கோர்ட்டு வேலை என்றால் ஆமை வேகம், உலகத்துக்கே தெரியும். மனு போவதும், தேதி விழுவதும், தேதி தள்ளுவதுமாக மழைக்காலம் போய் வெயில் வந்தது. ஆனால் சனிக்கிழமைகள் மட்டும் தவறவில்லை. அந்த வருஷம் முழுக்கச் சித்திக்கு வாரம் என்பதே சனிக்கிழமையை நோக்கித்தான் ஓடியது. உருளையிலிருந்து வரும் போர்வையை வாங்கிக்கொண்டே, இந்த வாரம் அக்காவைப் பற்றி எதைச் சொல்லலாம் என்று தேடுவாள். தேடத்தேடக் கிடைத்துக்கொண்டே இருந்தது. அக்கா தலைகாணியோடு சண்டைபோட்டது, கோலிக்குண்டில் தெருப் பையன்களை ஓட்டாண்டியாக்கியது, தங்கைக்கு ஜுரம் என்றால் தானும் படுத்துக்கொண்டு தெர்மாமீட்டர் கேட்டது. எல்லாம் போட்டோக்களோடு சேர்த்துச் சுற்றி மேல்தட்டில் வைத்துவிட்டதாக நினைத்திருந்தாள். ஒன்றும் கசங்காமல் இருந்தது.

ரேடியோ திரும்பவும் ஒலிபரப்பத் தொடங்கினாள். காத்திருப்பவர்களிடமெல்லாம் போய் உட்கார்ந்து, எங்கம்மா லாரி ஓட்டினாங்க என்பாள். ஒற்றை மூக்குக்கண்ணாடித் தம்பதி, தங்கள் முறை வந்தும் எழுந்திருக்காமல் மாட்டுக் கதையை இரண்டாம் தடவை கேட்டார்கள். மேசைக்கார அம்மாள் முறைத்தாள். ஆனால் தேநீர் போடும்போது இவர்களுக்கும் சேர்த்துப் போட்டாள். கொத்தனாருக்குக் கட்டு அவிழ்த்தாயிற்று. கேஸும் ஜெயித்துவிட்டது. நன்றி சொல்ல வந்தவர் உடைந்திருந்த ஒரு படியைப் பூசிக்கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரு சனிக்கிழமை வெளியே மழை கொட்டியது. அத்தான், யாரும் கேட்காமலே, அக்கா இறந்த அந்த நாளைப் பற்றிச் சொன்னார். சேதி கிடைத்தபோது மூன்று ஊர் தள்ளி இருந்தார். வெள்ளத்தில் பாலம் போயிருந்தது. லாரியை அப்படியே விட்டுவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, நடந்தும் கண்ட வண்டியில் தொற்றியும் வந்து சேர்ந்தார். "ஆஸ்பத்திரி வராந்தாவுல நீ நின்னுட்டு இருந்தே. புள்ளை உன் தோள்ல தூங்கிட்டு இருந்துச்சு. உன் முகத்தைப் பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு, லேட்டுன்னு. அதுக்கப்புறம் புள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வராந்தாதான் தெரிஞ்சுது. ஓடிட்டேன். ஓட்டறதுதானே எனக்குத் தெரிஞ்ச தொழில்."

இத்தனை வருஷமும், அவர் சாவகாசமாகத்தான் வந்தார் என்று சித்தி நினைத்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் அவருடைய மழைக்கோட்டு சுருண்டு கிடந்தது. அதை எடுத்து உதறி, முனைக்கு முனை சேர்த்து, ஆஸ்பத்திரிப் போர்வை மாதிரி அழகாக மடித்து அவர் பக்கத்தில் வைத்தாள். நடுவர் அன்று இரண்டாம் பாதி ஆடவில்லை.

அதற்குப் பிறகு சட்டம் சுலபமாகிவிட்டது. இரண்டு வக்கீல்களும் கமாவுக்கும் முற்றுப்புள்ளிக்கும் சண்டை போட்டு ஒரு ஒப்பந்தம் எழுதினார்கள். சித்தி பாதுகாவலர், ரேடியோ அவளோடு இருப்பாள். அப்பா அப்பாதான். வாரக் கடைசியும் விடுமுறையும் அவருக்கு, பெரிய முடிவு எதுவானாலும் இருவரும் சேர்ந்து. கோர்ட்டில் நீதிபதி தாளைப் புரட்டிவிட்டு, "ரெண்டு தரப்பும் ஒத்துப்போய் வந்திருக்கீங்களா? தினம் இப்படி ஒண்ணு வந்தா எனக்கு ரத்தக் கொதிப்பே இருக்காது" என்றார். பிறகு பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டார். ரேடியோ ஆரம்பித்தாள். நிறுத்தவில்லை. மாடு வரைக்கும் வந்துவிட்டாள். "போதும்மா, எழுதிக்கிறவருக்குக் கை வலிக்குது" என்று நீதிபதியே கெஞ்சவேண்டியதாகிவிட்டது. பொடியன் வக்கீல் அவசரமாகத் தன் பேனாவைத் தேடினான், சிரிப்பை மறைக்க.

கடைசிச் சனிக்கிழமை, உத்தரவின் நகலை வாங்கிக்கொள்ள மூன்று பேரும் கண்ணாடிக் கூடத்துக்குப் போனார்கள். மேசைக்கார அம்மாள் உறையை நீட்டி, "அவ்வளவுதான். இனிமே நீங்க இங்க வரவே வேண்டாம்" என்றாள், நல்ல சேதி சொல்கிற சந்தோஷத்தில். யாரும் நகரவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டியிருந்ததால் ஈரத்தலை வக்கீலம்மா இவர்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். புதிதாக வந்த ஒரு பெண் வாசலிலேயே கண்ணாடியைப் பார்த்துத் திகைத்து நின்றாள். சித்தி அவளுக்கு நாற்காலியைக் காட்டினாள்.

தெருவில் இறங்கியதும் அத்தான் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே நின்றார். "அடுத்த சனிக்கிழமை... புள்ளையைக் கூட்டிட்டுப் போக வரணும்ல. எத்தனை மணிக்கு வர?"

"எத்தனை மணிக்கு வேணா வாங்க. ஆனா வந்தவுடனே கிளம்பிடக் கூடாது. உட்காரணும்" என்றாள் சித்தி. ஒரு அடி வைத்துவிட்டுத் திரும்பினாள். "அவங்களையும் கூட்டிட்டு வாங்க."

வந்தார்கள். முடி வெட்டுகிறவள் குள்ளமாக, கூச்சத்தோடு, கத்திரிக்கோல் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். சும்மா உட்கார அவளுக்குத் தெரியாதாம். பேச்சு ஓடாமல் நாலு பேரும் சுவரையும் தரையையும் பார்த்துக்கொண்டிருந்தபோது, சட்டென்று ரேடியோவின் தோளில் துண்டைப் போர்த்தி நுனி வெட்ட ஆரம்பித்துவிட்டாள். சித்தி மேல்தட்டிலிருந்து துணிச்சுருளை இறக்கிப் பிரித்தாள். போட்டோக்கள் கைமாறின.

"எல்லாத்துலயும் பின்னல்தான் போட்டிருக்காங்க" என்றாள் முடி வெட்டுகிறவள், தயங்கித் தயங்கி. "அக்காவுக்கு அவிழ்த்துவிட்டா எப்படி இருக்கும், சுருளா, நேரா?"

"சுருள்" என்றார் அத்தான்.

"நேரா" என்றாள் சித்தி, அதே நேரத்தில்.

"என்னம்மா நீ! பக்கத்துல உட்கார்ந்து வந்தவன் நான், காத்துல பறந்து என் கண்ணுல அடிக்கும்."

"பத்து வருஷம் அதைப் பின்னிவிட்டவ நான். என்கிட்டயா?"

வெயில் சாய்கிறவரை அந்தச் சண்டை ஓடியது. தரையெல்லாம் ரேடியோவின் முடி கிடந்தது. அவள் துண்டைப் போர்த்தியபடியே நடுவில் நின்று, ஒரு கையை உயர்த்தி, ஒவ்வொரு தரப்பாகப் பேசச் சொல்லிக்கொண்டிருந்தாள்.